வருஷத் திதியும் முதல் ஷிப்டும்

அண்ணனை நினைத்து இந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடியிருக்கும் உறவுகளுக்கும், அவருடன் வேலை பார்த்தவர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம்.

அண்ணன் மண்ணூரில் பிறந்தார். அப்பா காலமானபோது ஐடிஐ படித்துக்கொண்டிருந்தார். முடித்த கையோடு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சரக்குப் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டப் போனார். ஓயாமல் ஓவர்டைம் பார்த்து என்னைப் படிக்க வைத்தார், கல்யாணம் செய்து கொடுத்தார். யார் வீட்டு விசேஷம் என்றாலும் முதல் ஆளாக நின்று பந்தல் கட்டுவார். சாம்பாரில் உப்பு குறைந்தால் சமையல்காரர் முகத்துக்கு நேராகவும் சொல்லிவிடுவார். போன வருடம் ஷிப்ட் முடிந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் போய்விட்டார். பாவி மனுஷன், ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு போயிருக்கலாம்.

காரியம் முடிந்த அன்றே பேச்சு ஆரம்பித்தது. “வருஷம் திரும்புற வரைக்கும் நல்லது கெட்டதுக்குக்கூட வெளிய போவக் கூடாது. வூட்டப் பூட்டிட்டு, கொழந்தையோட உங்க அம்மா வூட்டுக்குப் போய் இரும்மா” என்று பெரியப்பா அண்ணியிடம் சொன்னார். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நான் போவல மாமா. அவரு ஓட்டுன வண்டிய நானே ஓட்டுறேன்” என்றார்.

அண்ணனின் கம்பெனியிலேயே பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். முதல் சோதனையில் அண்ணி தோற்றார். ஃபோர்க்லிஃப்டில் திரும்புவது பின்சக்கரம். ஊரில் மொபெட் ஓட்டிப் பழகியவர், அதே பழக்கத்தில் ஒடித்துத் திருப்ப, வண்டியின் பின்பக்கம் வீசிப் போய் அடுக்கியிருந்த பெட்டிகளைச் சரித்துவிட்டது. “நான் முன்னாடி பாத்துக்கினு இருக்கேன், அது பின்னாடி போய் இடிச்சிக்கினு நிக்குது” என்று என்னிடம் விசும்பினார். அன்று இருவருமே சாப்பிடவில்லை. பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று சிலர் பேசியது என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி மறுநாளும் கம்பெனி பஸ் ஏறினார். அடுத்த சோதனையில் ஒரு பெட்டிகூட அசையவில்லை. துக்க வருடம் என்று தீபாவளிக்கு அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்காத நான், அன்று கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன்.

பிறகு வருஷத் திதி வந்தது, வியாழக்கிழமையில். அண்ணிக்கு அது பயிற்சியின் கடைசி வாரம். லீவு போட்டால் வேலை நிரந்தரமாகாது. திதியை மாற்ற முடியாது என்று உறவுகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். “திதிய மாத்த வேணாம், நேரத்த மாத்துவோம். மொத ஷிப்ட் பஸ் வர்றதுக்குள்ள படைச்சிடலாம்” என்றேன்.

“அந்நேரத்துக்குக் காக்கா எழுந்திருக்குமாடி?” என்றார் சித்தி.

“எழுந்திருக்கலன்னா எழுப்புவோம்!”

விடியும் முன்னே அண்ணி யூனிஃபார்மோடு இலை போட்டார். வடை வேகத் தாமதமாகி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றோம். பெரியப்பா வருவார் என்று யாருமே நினைக்கவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்தவர், “இன்னா பாத்துக்கினு நிக்கிறீங்க? பஸ்ஸு போய்டப் போவுது, கற்பூரத்த ஏத்துங்க!” என்று அதட்டினார். அண்ணி விழுந்து கும்பிட்டுவிட்டு ஓடினார். காக்கை வந்தது, கொஞ்சம் தாமதமாக. அதற்குள் பஸ் ஒரகடம் ரோட்டைப் பிடித்திருந்தது.

அண்ணியை விடாமல் பழக்கிய அண்ணனின் நண்பர்களுக்கும், அன்று தெருமுனையில் சற்றுக் காத்திருந்த பஸ் டிரைவருக்கும், கடைசி நேரத்தில் நினைவு மலரின் இந்தப் பக்கத்தை மாற்றிக் கொடுத்த அச்சகத்தாருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். பெரியப்பாவுக்குத் தனியாக நன்றி.

அண்ணா, வெள்ளிக்கிழமை அண்ணிக்கு வேலை நிரந்தரமாயிடுச்சு. உன் பொண்ணு அதே ஸ்கூல்லதான் படிக்கிறா, உன் வூட்லதான் தூங்குறா. போதுமா?