தெற்குத் தெருக் குழாய்க்கு உயர்ந்த கைகள்

அரசியல் சட்டத்தைத் திருத்தி, ஊரை ஆளும் அதிகாரத்தை ஊருக்கே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். 1996இல் தேர்தல் நடந்தது. தெற்குத் தெருவிலிருந்து களையெடுக்கப் போகும் பெண் ஒருவர் எங்கள் பஞ்சாயத்துத் தலைவியானார்.

அவர் கூட்டிய முதல் கிராமசபையில் ஒரே தீர்மானம்தான்: தெற்குத் தெருவுக்குக் குடிதண்ணீர்க் குழாய். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் கைகளை எண்ணும் வேலை எனக்கு வந்தது. எதையும் இரண்டு முறை எண்ணாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

"ஆதரிக்கிறவுக கையைத் தூக்குங்க" என்றார் தலைவி.

முப்பத்தொரு கைகள். மறுபடி எண்ணத் தொடங்கியபோது, வாழைக்கு முட்டுக் கொடுக்கும் கம்புகளோடு வடக்குத் தெரு மேல்சாதி ஆட்கள் கூட்டத்துக்குள் புகுந்தார்கள்.

"ஏலே, தூக்குன கையப் பூராம் ஒடிங்கடா!" என்று அந்தத் தெருக்காரரான பஞ்சாயத்துத் துணைத் தலைவர் கத்தினார்.

உயர்ந்த கைகளைத் தேடித் தேடி அடித்தார்கள். ஒரு பெண்ணின் மணிக்கட்டு ஒடிந்து தொங்கியது. எண்ணுவதற்காக நீட்டிய என் வலது முழங்கையும் நொறுங்கியது.

நெற்றியில் வழிந்த இரத்தத்தோடு தலைவி எழுந்தார். "எதிர்க்கிறவுக கையைத் தூக்குங்க."

"கையத் தூக்கணுமாம்ல!" என்று சிரித்தார்கள். ஒருவரும் கம்பைக் கீழே போடவில்லை, கையையும் தூக்கவில்லை.

"எத்தனை, சார்?"

"ஆதரவு முப்பத்தொன்று. எதிர்ப்பு இல்லை" என்றேன்.

தீர்மானம் நிறைவேறியது. குழாயும் வந்தது. என் முழங்கை இன்றும் நீளாது. அந்தக் கைகளை ஒருமுறைதான் எண்ணினேன் என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது.