ஒரே இடியை இரண்டு முறை கேட்டேன்

‘டெலிவர்ட்’ என்ற சொல்லை நான் பல வருஷம் கண்ணை மூடிக்கொண்டு நம்பியவள். திண்டிவனத்தில் எங்களுடையது சின்ன ஆபீஸ். வானிலை மையம் விடுகிற புயல், மின்னல் எச்சரிக்கைகளை எங்கள் சர்வர் வாங்கி, ஆப் எழுதும் டெவலப்பர்களின் சர்வருக்கு அனுப்பும். போய்ச் சேர்ந்தால் திரையில் ‘டெலிவர்ட்’ என்று பச்சை வரி விழும். பச்சை விழுந்ததா, என் வேலை முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் பருவம், பகல் வேளை. எங்களுக்கு அடுத்த ஊரான ஒலக்கூர் பக்கத்துக்குக் கடும் மின்னல் எச்சரிக்கை வந்தது. எங்களிடம் எச்சரிக்கை வாங்கும் டெவலப்பர் செந்திலின் சர்வருக்குப் பச்சையும் விழுந்தது. செந்தில் ஒலக்கூர்ப் பையன்தான். எச்சரிக்கை கிடைத்தால் அவன் ஆப் விவசாயிகளுக்குப் போன் கால் போட்டு, அவன் குரலிலேயே பேசும். சோதனைக்காக என் நம்பரும் அதில் உண்டு. அன்று எனக்குக் கால் வரவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

“இன்னா தம்பி, எனக்கு கால் வரலியே?”

“நான்தான் நிறுத்தி வச்சிருக்கேன்க்கா. போன வாரம் மழைன்னு கூவி ஒரு பொட்டு உழல. ஊரே கழுவி ஊத்திட்டாங்க, ஒரே பேஜாரு. இப்போ நான் பாத்து பட்டன் அழுத்தினாதான் போகும். நம்ம கொல்லையிலதான் நிக்கிறேன், வெயில் பொளக்குது. அம்மா, ஆளுங்க எல்லாம் மல்லாட்டை புடுங்கிக்கினு இருக்காங்க.”

“மேற்கால பாருடா!”

“தோப்பு மறைக்குதுக்கா.”

எங்கள் ஜன்னலை எந்தத் தோப்பும் மறைக்கவில்லை. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

“மழை வரலன்னா திட்டுவாங்க, வாங்கிக்கோ! வெட்டவெளியில மின்னல் உழுந்தா அப்புறம் திட்டறதுக்கு யாருடா இருப்பாங்க? ஜல்தி அழுத்து!”

அழுத்தினான். நான் லைனிலேயே இருந்தேன். அவன் பக்கத்தில் ஒரு போன் அடித்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால் மூன்று, நான்கு. கொல்லைக்குக் கொல்லை போன் அடிப்பது எனக்குக் கேட்டது. அத்தனை வருஷமாகப் பச்சை வரியாக மட்டுமே பார்த்ததை அன்றுதான் காதால் கேட்கிறேன்.

“இன்னாடா இது, பக்கத்துல நின்னுக்கினு போன்ல கூப்புடற?” அது அவன் அம்மா.

“ஓடும்மா, பள்ளிக்கூடத்துக்கு ஓடு! மல்லாட்டை கெடக்கட்டும், எல்லாரும் வாங்க!”

காலடிச் சத்தம், மூச்சிரைப்பு, காற்று. கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு போனுக்குள் இடி. காது அடைத்துப்போயிற்று.

“அக்கா...” என்றான் செந்தில். “பனமரம்க்கா. நாங்க நின்னுக்கினு இருந்தோமே, அங்கியே. எரியுதுக்கா.”

“அம்மா?”

“என் கையப் புடிச்சிக்கினு நிக்கிறாங்க.”

அப்போது எங்கள் ஜன்னல் பக்கம் ஓர் உறுமல் மெல்ல உருண்டு வந்தது. அதே இடி! வானத்து வழியாகக் கிளம்பியது இப்போதுதான் திண்டிவனம் வந்து சேர்கிறது. அம்மாடி, அவ்வளவு பெரிய வானம் எங்கே, நான் தட்டுகிற கீபோர்டு எங்கே! அந்த இடிக்கு முன்னால் எங்கள் ஒரு வரி அங்கே போய் ஆட்களை உள்ளே கூட்டிக்கொண்டு போயிருக்கிறது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பட்டனைச் செந்தில் அன்றைக்கே தூக்கிவிட்டான். பச்சை வரி இன்றும் விழுகிறது. புது டெவலப்பர் யாராவது “டெலிவர்ட் ஆயிடுச்சு மேடம்” என்றால் நான் ஒன்றுதான் கேட்பேன்:

“உங்க அம்மா போன் அடிச்சுதா?”