ஒரு கதவு, இரண்டு பாதி

கதவு வந்துவிட்டது!

சிரிக்காதீர்கள். நெய்வேலியில் குவார்ட்டர்ஸ் கதவை மாற்றுவது லேசான காரியம் இல்லை. வீடு கம்பெனியுடையது. கதவு, கீல், தாழ்ப்பாள் எல்லாம் கம்பெனியுடையது. அதனால்தான் வந்த அன்று அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். எதிர் வீட்டு மாமி, "யாரை எதிர்பார்த்துண்டிருக்கே?" என்று கேட்டே விட்டார். என்ன சொல்வது? பதினைந்து நாளாக நான் எதிர்பார்த்தது கதவைத்தானே!

விஷயம் இதுதான். அம்மாவுக்கு இழுப்பு. மார்கழி பிறந்துவிட்டால் இங்கே எதிர் பிளாக் கண்ணுக்குத் தெரியாது. அப்படி ஒரு பனி. அம்மாவோ கட்டிலில் படுக்க மாட்டாள். பாய்தான். வாசல் கதவுக்கு அடியில் விரல் நுழைகிற இடைவெளி. குளிர்காற்றும் கரித்தூசியும் தரையோடு வந்து நேரே அவள் நெஞ்சில் மோதும்.

அந்த இடைவெளி எப்படி வந்தது? எங்கள் பிளாக்கே சேர்ந்து செய்த தப்பு அது. ஐப்பசி மழையில் எல்லார் வீட்டுக் கதவும் ஊதிக்கொண்டது. தள்ளினால் நகராது. எல்லாரும் ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிட்டோம். மழை நின்றது, மரம் காய்ந்தது, கதவு சுருங்கியது... சுருங்கிய கதவுக்கு இழைத்த மரத்தைத் திருப்பி ஒட்ட முடியுமா?

மதுரையிலிருந்து வந்த அண்ணன், அம்மாவின் மூச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "பொங்கலுக்கு வருவேன். அப்பவும் இப்படியே இழுத்துக்கிட்டிருந்தா ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

ரெண்டு பேரையும்! அம்மா போனால் கல்யாணமாகாத பெண் நான் இங்கே தனியாக இருக்கக் கூடாதாம். பாலிடெக்னிக்கில் படித்து, கம்பெனி டிராயிங் ஆபீசில் சேர்ந்து, இப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருக்கிறேன். ஒரு கதவிடுக்கு வழியாக அந்த வேலை வெளியே போவதா?

பராமரிப்பு ஓவர்சியரைப் பார்த்தேன்.

"ஸ்டாண்டர்டு டிராயிங்ல இல்லாத கதவை மாட்ட முடியாதுங்க மிஸ்."

"அந்த டிராயிங்கை டிரேஸ் பண்ணினதே நான்தான் சார்."

"அப்போ உங்களுக்கே தெரியணுமே, இல்லைன்னு!"

விடுவேனா? சொந்தச் செலவு என்றேன். காலி செய்யும்போது பழைய கதவையே மாட்டித் தருவேன் என்றேன். அதுவரை அதை எங்கே வைப்பீர்கள் என்றார். அம்மா படுக்காத கட்டிலுக்கு அடியில் என்றேன். மனிதர் சிரித்துவிட்டார். அனுமதியும் கொடுத்துவிட்டார்.

அப்புறம் கதவை வரைய உட்கார்ந்தேன். மரம்: பண்ருட்டிப் பலா, நன்றாகக் காய்ந்தது. பலகைகள்: ஒன்றின் விளிம்பு இன்னொன்றின் பள்ளத்தில் உட்காரும்படி. அடியில்: பழைய சைக்கிள் டியூபை நறுக்கி ஒரு பட்டை. இனிக் காற்று எங்கே நுழையும்? பெருமையாக அம்மாவிடம் காட்டினேன்.

"எல்லாம் சரி. விளக்கு வைக்கிற நேரத்துல தெறந்துதானே வைக்கணும்?"

"பனி அடிக்கும்மா."

"அடிக்கட்டும். லட்சுமி வர்ற நேரத்துல வாசக்கதவச் சாத்துவாளா எவளாச்சும்?"

அங்கேதான் இடித்தது. இருட்டுகிற அந்த நேரத்தில்தான் குளிர் இறங்கும். அம்மாவும் அப்போதுதான் விளக்கு முன்னால் தரையில் உட்கார்ந்திருப்பாள். காற்று தரையோடு வரக் கூடாது. வாசலும் மூடியிருக்கக் கூடாது. ஒரே கதவில் இரண்டும் எப்படி நடக்கும்?

ஏன் ஒரே கதவு?

ஸ்கேலை எடுத்தேன். கதவின் இடுப்பில், குறுக்கே ஒரு கோடு! மேல்பாதி தனி, கீழ்ப்பாதி தனி. அந்த ஒரு கோட்டைப் போட்டபோது எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஆசாரிக்கு அப்படி இல்லை. "இன்னாங்க இது, கதவ ரெண்டா வெட்டிகினு? ஆட்டுக் கொட்டாயிக்குத்தாங்க இப்டிப் போடுவாங்க."

"ஆட்டுக்குக் குளிராம இருக்கில்ல?"

"அது சரிதாங்க. வூட்ல ஆடு யாருங்க?"

"நான்தாம்பா!" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

மாட்டி முடித்ததும் ஊதுபத்தி கொளுத்தி விளிம்பெல்லாம் காட்டிப் பார்த்தேன். புகை ஆடாமல் நேரே மேலே போனது. ஆகா! வேறு எந்தப் பரீட்சையில் பாஸானபோதும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் இழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணன் வந்தான், விளக்கு வைக்கிற நேரத்தில். மேல்பாதி திறந்திருந்தது. அவன் குரல் கேட்டு அம்மா எழுந்து போனாள்.

"என்னம்மா பாதிக் கதவு? லட்சுமி வாசல்லயே நின்னுருவாளே!"

"அவ என்ன உன்னை மாதிரி பெட்டி தூக்கிக்கிட்டா வர்றா? மேல்பாதி போதும் அவளுக்கு."

அண்ணன் சிரித்துக்கொண்டே கீழ்ப்பாதியைத் தள்ளினான். நகரவில்லை; உள்ளே தாழிட்டிருந்தது.

"தெறம்மா."

"பாக்க வந்தியா, கூட்டிக்கிட்டுப் போக வந்தியா?"

"உள்ளே வந்து பேசுறேனே..."

"இப்பவே கேட்டுக்க." அம்மா நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவன் முகத்துக்கு நேரே விட்டாள். விசில் இல்லை. கரகரப்பு இல்லை. இன்னொரு தடவையும் விட்டாள்.

அண்ணன் அவளுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தான். நான் விளக்குத் திரியைப் பார்த்தேன். மூச்சுவிடாமல் நின்றது அப்போது நான்தான்.

"பாக்கத்தாம்மா வந்தேன்" என்றான்.

அம்மா தாழ்ப்பாளை விலக்கினாள்.

புதுக் கதவு போடப் போகிறவர்கள் மரத்தைப் பாருங்கள், கீலைப் பாருங்கள், பூட்டையும் பாருங்கள். கூடவே, தாழ்ப்பாள் யார் கைக்கு எட்டுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்!