இறால் மணத்த பெட்டி

நீலமேகம் வருடக்கணக்காகச் செத்துக்கொண்டிருந்தான், வாயால். ஏரியில் படகு கவிழ்ந்து, பிழைத்து வந்து ஞானஸ்நானம் வாங்கியதிலிருந்து அவனுக்கு அதுவே தொழில். வலை கிழிந்திருக்கிறது என்றால், "நாளிக்கி இருக்கப் போறமோ இல்லியோ, இன்னாத்துக்கு வலை?" என்பான். கூரை ஒழுகுகிறது என்றால் பரலோகத்து வீட்டைப் பற்றிப் பேசுவான். ஒழுகும் இடத்தில் குண்டான் வைப்பது அவன் மனைவி ஜெபசெல்வி.

ஏரியின் நல்ல இடங்களில் வலை கட்டக் குப்பத்தில் வீட்டுக்கு வீடு முறை உண்டு, பாடு என்பார்கள். தன் பாடு வரும் நாளில் மட்டும் நீலமேகத்துக்கு மரணம் மறந்துபோகும். கோழி கூவும்முன் படகில் இருப்பான்.

உடைந்த மரப்படகின் பலகைகளில் தனக்கென்று ஒரு சவப்பெட்டி செய்து, வீட்டு விட்டத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். உபதேசியார் வந்தால் அண்ணாந்து காட்டுவான். விருந்தாளி வாயில் சோறு வைக்கும்போதும் காட்டுவான். பக்திமான் என்று ஊர் சொன்னது. அந்தப் பெட்டிக்கு அடியில் தினமும் படுத்து எழுந்த ஜெபசெல்வியை யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

அடுத்த வீட்டு ரோஸ்மேரிக்கும் சாவு நினைப்பு உண்டு. புருஷன் இல்லாதவள், மூச்சிழுப்பு நோய்க்காரி. ஆனால் அதை ஊருக்குச் சொல்லித் திரிய மாட்டாள். விளக்கு வைத்ததும் இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். பகலில் யாரையாவது ஏசியிருந்தால் அவர்கள் வாசலில் போய் நின்று, "கோவமா கீறியா? வுட்டுடு. படுத்தா எழுந்திருக்கறது நம்ம கையிலயா கீது?" என்று சிரித்துவிட்டு வருவாள். அவள் செய்த பிரசங்கம் அவ்வளவுதான்.

அந்த ஐப்பசி மழையில் அவளுக்கு இழுப்பு முற்றியது. ஒரு நாள் சாயங்காலம் இரவல் முறத்தைத் திருப்பித் தர வந்தவள் கேட்டாள்: "வாய்க்கு ஒண்ணும் புடிக்கல செல்வி. காஞ்ச எறா ரெண்டு இருந்தா குடு, தொட்டுக்கினு கஞ்சி குடிக்கறேன்."

ஜெபசெல்வி விட்டத்தைப் பார்த்தாள். நீலமேகம் முந்திக்கொண்டான். "எறா ஏது? எல்லாம் மாயை, ரோஸ்மேரி."

ரோஸ்மேரி மூக்கை உறிஞ்சி மோந்து பார்த்தாள். "மாயைய நல்லா மூடி வை நைனா. மழ ஈரம், புழு வைக்கும்."

விடிவதற்குள் அவள் போய்விட்டாள்.

மழைக்காற்று குறையவில்லை. பழவேற்காட்டுக்குப் படகு போய்ச் சவப்பெட்டி வாங்கி வர வழியில்லை. குப்பத்துக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டு முழம் தோண்டினாலே உப்புத் தண்ணீர் ஊறும். பாயில் சுற்றி இறக்கினால் ரோஸ்மேரி சேற்றில்தான் கிடப்பாள். நாலு பேரோடு உபதேசியார் நீலமேகத்தின் வீட்டுக்கு வந்து மெல்லக் கேட்டார்.

"அது என் அளவுக்குச் செஞ்சது, உபதேசியாரே. அவ குள்ளம். உள்ள கெடந்து ஆடுவா."

"ஆடட்டுமே. உசுரோட இருக்கசொல்ல எங்க ஆடினா?" என்றான் கூட வந்த அஜித்குமார்.

"திடீர்னு எனக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"உனுக்கு ஒண்ணும் ஆவாதுய்யா" என்றாள் ஜெபசெல்வி. "நான்தான் தெனம் பாக்கறனே."

மீன் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு உரல் மேல் ஏறினாள். "ஏய், வாணாம்மே!" என்று நீலமேகம் எழுவதற்குள் கயிற்றை அறுத்துவிட்டாள். பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கியது. மூடி திறந்து, காய்ந்த இறால் சடசடவென்று தரையெல்லாம் கொட்டியது. மழைக்காலத்தில் விலை ஏறும் என்று கோடையிலிருந்து அவன் சேர்த்துவைத்தது.

பக்கத்து வீட்டில் பிணம் கிடக்கும்போது சிரிக்கக் கூடாது. சிரித்துவிட்டார்கள். உபதேசியாரும் துண்டால் வாயை மூடிக்கொண்டார். நீலமேகம் முழங்காலில் விழுந்தான். ஜெபத்துக்கு அல்ல, இறாலை வாருவதற்கு.

"நேத்து ரெண்டே ரெண்டு கேட்டாளே" என்றாள் ஜெபசெல்வி.

அவன் நிமிரவில்லை. இரண்டு கையும் நிறைந்திருந்தன.

பெண்கள் பெட்டியைக் கழுவினார்கள். மணம் போகவில்லை. "கேட்டுக்கினே பூட்டா. வாசனையாவது போட்டும் அவகூட" என்று ஒருத்தி அழுதாள். ரோஸ்மேரியை அதில் வைத்து இறக்கினார்கள். ஜெபசெல்வி தன் முறம் போதாமல் எதிர் வீட்டு முறத்தையும் இரவல் வாங்கி, இறால் முழுவதையும் புடைத்து, குழம்பு வைத்து, அடக்கத்துக்கு வந்த எல்லாருக்கும் ஊற்றினாள். நீலமேகமும் சாப்பிட்டான். இரண்டு தரம் கேட்டு வாங்கினான்.

விளக்கு வைக்கும் நேரம் அவன் படுத்துக்கொண்டு வெறும் விட்டத்தைப் பார்த்தான். "மரம் கெடச்சா வேற ஒண்ணு செய்யச் சொல்லணும்மே. நாளிக்கி இருப்பமோ இல்லியோ..."

ஜெபசெல்வி கிழிந்த வலையைக் கொண்டுவந்து அவன் மார்பின் மேல் போட்டாள். "நாளிக்கி இருக்க மாட்டல்ல? அப்ப இன்னிக்கே தச்சு முடி."

பிறகு இரவல் முறத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுக்க மழையில் இறங்கினாள்.