நான் தீட்டிய நீலம்

அச்சுப்பொறியிலிருந்து அப்போதுதான் வந்த காகிதத்துக்கு ஒரு சூடு உண்டு. அதை மடித்துச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டவைத்துக்கொண்டு வட ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் நகர நூலகத்திலிருந்து துறைமுகக் காற்றை எதிர்த்து ஓடினால், வீடு சேர்வதற்குள் ஆறிப்போயிருக்கும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் ஒரு கோடை விடுமுறை முழுவதும் அந்தக் காகிதம்தான் எங்கள் வீட்டுக்குச் செய்தித்தாள். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையோரக் கடலில் பனிக்கட்டி எங்கே நிற்கிறது, எங்கே நகரப்போகிறது என்று காட்டும் வரைபடம் அது. எனக்குப் பதினொரு வயது.

அப்பா மன்னாரில் கடலோடு வளர்ந்து, அகதியாக ஜெர்மனிக்கு வந்து, கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, கடைசியில் கிரீன்லாந்துக் கரையின் சிற்றூர்களுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலொன்றில் சமையற்காரரானார். கடல் திரும்பக் கிடைத்ததில் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அவருக்குச் "சீனி வருத்தம்" என்று நாங்கள் சொல்லும் நீரிழிவு இருந்தது; ஊசி மருந்து இல்லாமல் ஒரு நாளும் ஓடாது. தெரிந்தால் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்று, மருத்துவப் பரிசோதனைக்கு நாள் குறித்து "டெர்மின்" வரும்போதெல்லாம் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டு போய், எப்படியோ தப்பிவிடுவார். மருந்தைக் கப்பலின் குளிர்பெட்டியில் மீனுக்குப் பின்னால் ஒளித்துவைப்பார். "சமையற்காரன்ரை பெட்டிக்குள்ளை ஆர் தலையை விடப்போறான்?" என்று எங்களிடம் சிரிப்பார். வருத்தத்தை மறைத்து வேலை பார்த்தவர் எங்கள் ஆட்களில் அவர் ஒருவர் மட்டுமல்ல.

அந்த ஆகஸ்டில் கப்பல் கரையை நெருங்கும் நேரத்தில் பனிக்கட்டிகளுக்குள் மாட்டிக்கொண்டது. நாட்கள் போயின. மேலதிகமாகக் கொண்டுபோகவேண்டிய மருந்துப் பொதியை அவசரத்தில் எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார் அப்பா. பால் எடுக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அம்மா அதைப் பார்த்தார். செவ்வாய்க்கிழமை கப்பலிலிருந்து அழைப்பு வந்தது. "அரைவாசி அரைவாசியாப் போடுறன். மருந்து சனிக்கிழமை வரைக்கும் காணும். ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்" என்றார் அப்பா.

அம்மா ஒரு முடிவுக்கு வந்தார். வெள்ளிக்குள் கடல் திறந்தால் கப்பல் மறுநாள் ஊரை அடைந்துவிடும், அங்கே மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலையும் தப்பும். திறக்காவிட்டால் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து உண்மையைச் சொல்வது. ஹெலிகொப்டர் வரும், வேலை போகும். திறக்குமா திறக்காதா என்று சொல்லவேண்டியவள் நான்.

நூலகத்தின் அச்சுப்பொறியில் கறுப்பு மை மட்டும்தான் என்பதால், அங்குள்ள கணினித் திரையில் தெரியும் நிறங்களைக் காகிதத்தில் எழுத்தால் குறித்துக்கொண்டு வந்து, சாப்பாட்டு மேசையில் பென்சிலால் தீட்டுவேன். சிவப்பென்றால் கட்டிகள் நெருக்கியடித்து நிற்கின்றன. மஞ்சளும் பச்சையுமாக ஐதாகி நீலம் வந்தால் கப்பல் போகலாம். காற்று கட்டிகளை அடுத்த நாட்களில் எந்தப் பக்கம் தள்ளும் என்று அம்புக்குறிகளும் இருக்கும். மேற்குக் காற்று கரையைத் திறக்கும், கிழக்குக் காற்று மூடும் என்பதையெல்லாம் நானாகவே பிடித்துக்கொண்டிருந்தேன். முந்தின வாரங்களில் இரண்டு முறை நான் சொன்னபடியே நடந்தது. "என்ரை ஐஸ் டொக்டர் என்ன சொல்லுறா?" என்று அப்பா தொலைபேசியில் கேட்பார், எனக்குத் தலைக்கனம் ஏறிவிடும்.

வெள்ளிக்கிழமை திரை முழுக்கச் சிவப்பு. அம்புகள் ஒன்று விடாமல் கரையை நோக்கித் திரும்பியிருந்தன. வீட்டுக்கு வந்தபோது அம்மா மேசையில் தொலைபேசியையும் கம்பனியின் எண் எழுதிய துண்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவர் ஒன்றும் சாப்பிடவில்லை. "நீலம் வந்திட்டுதோ, பிள்ளை?" என்று கேட்டார். நான் சிவப்புப் பென்சிலைத்தான் கையில் எடுத்தேன். அந்த முகத்தைப் பார்த்தேன். வேலை போனால் பழையபடி அகதி முகாமின் பொதுச் சமையலறைக்கே திரும்பவேண்டிவரும் என்றும் பயந்தேன். கப்பலிலிருந்து கரைவரைக்கும் ஒரு பாதையை நீலமாகத் தீட்டி, "ஓம் அம்மா, வந்திட்டுது" என்றேன். ஒரு நாளில் காற்று திரும்பிவிடும், நான் சொன்னது உண்மையாகிவிடும் என்று நிசமாகவே நம்பினேன். அம்மா எண் எழுதிய துண்டை மடித்து வைத்துவிட்டுச் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

சனிக்கிழமை நூலகத்தில் அதே சிவப்பு. வயிறு வலிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். ஞாயிறு பூசை முடிந்ததும் அம்மா மாதா சுரூபத்தின் முன்னால் ஒரு மெழுகுதிரி ஏற்றினார். கடல் திறந்ததற்கு நன்றி. அந்தச் சுடரைப் பார்க்க என்னால் ஏலவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "நான் பொய் சொன்னனான். எல்லாம் சிவப்பம்மா" என்றேன்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டுக்கு ஓடி, விடுமுறை நாளில் ஆளில்லாத அலுவலகத்துக்குத் திரும்பத் திரும்ப அழைத்து, கடைசியில் அவசர எண்ணில் ஒருவரைப் பிடித்துத் தன் உடைந்த ஜெர்மனில் கத்தினார். காய்ச்சல் என்று நினைத்து அப்பாவை அறையில் படுக்கவைத்திருந்தார்களாம். அவருக்கு நினைவு தப்பியிருந்தது. மூடுபனி விலகி ஹெலிகொப்டர் இறங்கியது திங்கட்கிழமைதான்.

அப்பா பிழைத்தார். ஏற்கெனவே பழுதாகிக்கொண்டிருந்த சிறுநீரகங்கள் அதோடு நின்றுபோயின. பிறகு ஏழு ஆண்டுகள், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரத்தோடு கிடந்தார். "நான்தான் ஃபோன் எடுக்கப் பிந்திப்போனன்" என்று அம்மா அவரிடம் சொன்னார். அப்பா கண்மூடும்வரை என் பொய்யைச் சொல்லவேயில்லை. அப்பாவோ தாதிமாரிடமெல்லாம் என்னைக் காட்டி, "இவதான் எங்கடை ஐஸ் டொக்டர்" என்று பெருமையடித்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

இன்று அம்மா என்னோடு எசன் நகரில் இருக்கிறார். ஆகஸ்ட் வந்தால் நான் கைபேசியில் அந்த வரைபடத்தைத் திறந்துவிடுவேன். அது விட்டொழிக்க முடியாத பழக்கம். இந்த ஆண்டு அந்த வாரத்தில், அந்தக் கரை நெடுகப் பனிக்கட்டியே இல்லை. அப்பாவைப் பிடித்துவைத்திருந்த சிவப்பு முழுவதும் கரைந்துபோயிருந்தது. அரிசி கழுவிக்கொண்டிருந்த அம்மா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"நீலம் வந்திட்டுதோ, பிள்ளை?"

"ஓம் அம்மா, வந்திட்டுது."

கையில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிவிட்டு, "இப்ப வந்து ஆருக்கு?" என்றார்.