நான்காவது வளைவில் அண்ணனின் கால்

என் அண்ணன் பல் செய்கிறவர். பிடுங்குகிற ஆள் இல்லை, பிடுங்கிய இடத்தில் வைக்கிற பல்லைச் செய்கிற ஆள். பல் டாக்டர்களிடமிருந்து அச்சுகள் பெட்டி பெட்டியாக அவருடைய லேபுக்கு வரும். ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து மெழுகை உருக்கி, ஒவ்வொரு பல்லாக நட்டு, அரம் போட்டு, பளபளவென்று தேய்த்துக் கொடுப்பார். அவர் செய்த பல்லை வைத்துக்கொண்டு ஆயிரம் பேராவது சிரித்திருப்பார்கள். அவர் சிரித்து நான் பார்த்தது ஏழெட்டுத் தடவை இருக்கும். அதுவும் அண்ணி இருந்தவரைக்கும்தான்.

அண்ணி போய் இரண்டு வருடமாகிறது. பதினோரு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். அண்ணன் அழவில்லை. மூன்றாம் வாரமே லேபுக்குப் போய்விட்டார். நான் பக்கத்துத் தெருவில் இருப்பதால் சாப்பாடு என் வீட்டில். ஒருநாள் குழம்பில் வேண்டுமென்றே இரண்டு தடவை உப்புப் போட்டு வைத்தேன். சாப்பிட்டு, தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எழுந்தார்.

“என்னண்ணா, ஒண்ணுமே தோணலையா?”

“எதுல?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தட்டை அவர் கண் முன்னாலேயே உடைத்திருப்பேன். நல்ல தட்டு என்பதால் விட்டேன்.

அப்புறம்தான் இந்தக் கார் பைத்தியம் வந்தது. ஊருக்கு வெளியே பந்தயத் தளம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு அதைச் சாதாரண ஆட்களுக்குத் திறந்துவிடுவார்கள். சொந்தக் காரைக் கொண்டுபோகலாம், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஓட்டலாம். போட்டியும் கிடையாது, பரிசும் கிடையாது. ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தை அவரவர் குறைத்துக்கொண்டு அவரவர் மகிழ வேண்டியதுதான். அண்ணனுக்குப் பழக்கமான ஒரு கண் டாக்டர் கூட்டிப்போனார். அடுத்த மாதம் அண்ணன் தானாகவே கிளம்பினார். மனிதருக்கு எதிலோ ஆசை வந்துவிட்டதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் தொற்றிக்கொண்டேன்.

அங்கே சொல்லிக்கொடுக்கிறவரை எல்லோரும் கோச் என்பார்கள். முன்பு மெக்கானிக்காக இருந்தவர். காருக்குள் இரண்டு கேமரா மாட்டச் சொல்வார். ஒன்று பின்னாலிருந்து கையையும் ரோட்டையும் பார்க்கும், இன்னொன்று கீழே காலைப் பார்க்கும். “ஓட்டும்போது நாம என்ன பண்றோம்னு நமக்குத் தெரியாது சார். பண்றதா நினைக்கிறதுதான் தெரியும்” என்பார். ஒவ்வொரு இடைவேளையிலும் தகரக் கொட்டகையில் உட்கார்ந்து எல்லோருடைய வீடியோவையும் பார்ப்பார்கள். வளைவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று காட்ட ஓரத்தில் பலகைகள் நட்டிருப்பார்கள். கண் டாக்டர் நூறு மீட்டர் பலகை வரும்வரை பிரேக்கைத் தொடவே இல்லை என்று அடித்துச் சொல்வார். வீடியோவில் இருநூறிலேயே மிதித்துக்கொண்டு நிற்பார். கொட்டகையே சிரிக்கும்.

எனக்கு இதெல்லாம் புதிதில்லை. நான் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறேன். என் தலைக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு. சனிக்கிழமைதோறும் சூப்பர்வைசர் என்னை உட்காரவைத்து என் லட்சணத்தை எனக்கே போட்டுக் காட்டுவார்.

நான்கே மாதத்தில் அண்ணன் எட்டு விநாடி குறைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் பெருமையில் பூரித்துப்போய், பஸ்ஸில் போகிற பிள்ளைகளிடம்கூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐந்தாவது மாதம், முதல் ஓட்டம் முடிந்ததும் கோச் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, தப்பா நினைக்காதீங்க. வீட்ல எல்லாம் நல்லா இருக்கா?”

“ஏன் கேக்கறீங்க?”

நேர்ச்சாலை முடிகிற இடத்தில் வேகமான இடது வளைவு ஒன்று, அதுதான் நான்காவது. அங்கே எல்லோரும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார்கள். அண்ணன் எடுப்பதில்லை. அந்த வீடியோவைத்தான் கோச் போட்டார். வளைவின் நடுவில் காரின் பின்பக்கம் வழுக்குகிறது. கைகள் சாவகாசமாகத் திருப்பிச் சரிசெய்கின்றன. கீழே கால் அசையாமல் அப்படியே இருக்கிறது.

“இந்த இடத்துல யாருக்கும் பயத்துல கால் துள்ளும்கா. எனக்கே துள்ளும். இவருக்குத் துள்ளல. இத்தனை நாளா இதைத் திறமைன்னு நினைச்சேன். இது திறமை இல்லக்கா.”

மீதி எனக்கே புரிந்தது. நான் ஆசை என்று நினைத்துக் கொண்டாடிக்கொண்டிருந்தது, இந்த மனிதருக்குத் தான் இருந்தாலென்ன போனாலென்ன என்கிற நினைப்பு.

கோச் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னார்: “நாலாவது வளைவுக்கு முன்னாடி கால் எழும்பணும் சார். வீடியோவுல நான் பார்க்கணும். இல்லன்னா இனிமே தளத்துல விடமாட்டேன்.” அண்ணன் தலையாட்டினார்.

இரண்டாவது ஓட்டத்தின் வீடியோவில் கால் எழும்பியது. கோச் முகம் தெளிந்தது. நான் மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ரோட்டுப் படத்தையும் கால் படத்தையும் சேர்த்துப் பார்த்தேன். கால் எழும்பியது இருநூறு பலகையில். நூறு பலகை வருவதற்குள் மறுபடி அடிவரைக்கும் மிதித்தாகிவிட்டது. வளைவில் பழைய வேகமேதான். சூப்பர்வைசருக்காகக் கண்ணாடி பக்கம் தலையை மட்டும் திருப்புகிற வித்தை எனக்கும் தெரியும். என்னிடமேவா?

“கேமராவுக்காகத் தூக்கினியா?” என்று கத்தினேன். பத்துப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தூக்கச் சொன்னாரு. தூக்கினேன்” என்றார் அந்தக் கல்லுளிமங்கன்.

“அடுத்த ஓட்டத்துல பக்கத்துல ஆள் ஏத்திக்கலாம். நீங்க உக்காருங்கக்கா” என்றார் கோச். யார் யாருடைய வியர்வையோ நாறுகிற ஒரு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினேன். பயமாகத்தான் இருந்தது. என்னை வைத்துக்கொண்டும் அப்படியே மிதித்தால் என்ன செய்வது என்கிற பயம்.

நூறு பலகையில் கால் எழும்பியது. பிரேக்கையும் தொட்டது. ஆறு சுற்றிலும் அப்படியே.

கொட்டகையில் கோச் அண்ணன் தனியாக ஓட்டிய வீடியோவையும் என்னோடு ஓட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டார். “இதுல ஒழுங்கா எடுக்கறீங்க. அதுல எடுக்கல. ஏன் சார்?”

“இதுல இவ இருக்கா.”

“அதுல?”

“அதுல கார்ல யாரும் இல்லையே” என்றார் அண்ணன்.

பல்லின் நிற எண்ணைச் சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். கண் டாக்டர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தார். கோச் வீடியோவை நிறுத்தினார். திரையில் தனியாக ஓட்டிய சுற்று, பழுப்பு ஷூ போட்ட ஒரு கால்.

“அப்ப இது யார் கால் சார்?”

அண்ணன் குனிந்து பார்த்தார். கொண்டுவந்த அச்சில் ஏதோ சரியில்லை என்றால் இப்படித்தான் வெகுநேரம் பார்ப்பார்.

“என்னோடதுதான்” என்றார் கடைசியில். உறுதியாகச் சொன்ன மாதிரி இல்லை.

அதற்குப் பிறகு அன்றைக்கு அவரைக் கோச் தளத்தில் விடவில்லை. சாவியை நான் பிடுங்கிக்கொண்டேன். அண்ணன் மறுபேச்சில்லாமல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அதே முகம், மரத்துப்போன முகம். பேசிப் பார்த்தேன். ம் என்றார், ம்ஹூம் என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

மேம்பாலத்திலிருந்து இறங்குகிற வளைவைத் தினமும் பஸ்ஸில் முப்பதில் இறங்குகிறவள் நான். முன்னாலும் பின்னாலும் வண்டி இல்லை. அறுபதில் விட்டேன். தெரிந்துதான் விட்டேன், எனக்கு வேறு வழி தெரியவில்லை. டயர் கிறீச்சிட்டது. அண்ணனின் வலது கால் படாரென்று தரையை மிதித்தது. அங்கே பிரேக் ஏது? இன்னொரு தடவை மிதித்தது. கை மேலே கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

“மெதுவாப் போடி லூசு! கொன்னுடுவ போலிருக்கே!”

வேகத்தைக் குறைத்தேன். கண் நிறைந்து ரோடு தெரியவில்லை. ஓரமாக நிறுத்தினேன். அண்ணனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“என்னாச்சு? ஏன் அழற?”

“ஒண்ணுமில்லண்ணா. இன்னொரு தடவை திட்டு” என்றேன்.