பேத்தியின் பெயர்

வேதாரண்யத்தில், படுத்த படுக்கையாகிவிட்ட என் உம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த அக்கா அவர். ஒல்லியான உடம்பு, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு மரச் சிலுவை. எந்த வேலையைத் தொட்டாலும் வாய்விட்டு ஜெபிப்பார்.

புயல் கரையைக் கடந்த காலையில் எங்கள் வீட்டு ஓடுகள் பிய்த்துக்கொண்டு பறந்தன. அவர் உம்மாவின் மேல் கவிழ்ந்துகொண்டு, "ஆண்டவரே, இந்த அம்மாவக் காப்பாத்துங்க" என்று கதறினார். அவருடைய மருமகளும் பேத்தியும் கடலோர வீட்டில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை.

"பேத்திக்காக வேண்டிக்கலையாக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"அவ பேரு வாயில வந்தா அழுதுடுவேன் தம்பி. அழுதா கையில தெம்பு இருக்காது. அந்தப் பக்கம் கட்டிலப் புடிங்க."

கான்கிரீட் கூரை போட்ட சமையலறைக்குள் இருவருமாகக் கட்டிலை இழுத்தோம்.

காற்று அடங்கியதும், விழுந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி, பேத்தியின் பெயரைக் கத்திக்கொண்டே ஓடினார். புயலின் சத்தத்தைவிட அந்தக் குரல்தான் என்னை நடுங்க வைத்தது. இத்தனை பயத்தை வைத்துக்கொண்டா எங்களோடு நின்றார்?

மறுநாள் வந்தார். பள்ளிக்கூட முகாமில் இருவரும் பத்திரமாக இருப்பதைச் சைகையில்தான் சொன்னார். கத்திக் கத்திக் குரல் போயிருந்தது.